பம்பு இல்லாத வாடிக்கையாளர்

செப்டம்பர் 9, திங்கள்

பெட்டி வந்து சேர்ந்தது. ஆறடி உயரம், கருப்பு நிறம், உள்ளே நாற்பத்தெட்டு ஹார்ட் டிஸ்க் வட்டுகள். லாரியிலிருந்து இறக்க எட்டுப் பேர் தேவைப்பட்டார்கள். இறக்கி முடித்ததும் அவர்களில் ஒருவர், "துணி வெக்கறதுங்களா சார்?" என்று கேட்டார். இல்லை, கம்பெனியின் நான்கு துறைத் தரவையும் சேர்த்து வைக்கும் ஸ்டோரேஜ் என்று விளக்கினேன். "அப்ப பீரோதானுங்களே" என்றார். சாயங்காலத்துக்குள் தொழிற்சாலை முழுக்க அதற்குக் 'கருப்பு பீரோ' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

வேலை பெரியது, அதனால் தினமும் எழுதி வைக்க இந்த நோட்டு. நான் எத்திராஜ், வயது நாற்பத்து நான்கு, டேட்டாபேஸ் நிர்வாகி, பெரம்பூர்க்காரன். மே மாதத்திலிருந்து கோவை பீளமேட்டில் இந்தப் பம்பு கம்பெனியில் இருக்கிறேன். இங்கே விற்பனை, உற்பத்தி, ஸ்டோர்ஸ், சர்வீஸ் என்று நான்கு துறைகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்ப்யூட்டர், தனி டேட்டாபேஸ், தனிக் கோபம். ஒரு விவசாயி கிணற்றுக்குப் பம்பு வாங்கினால் விற்பனையில் அவருக்கு ஒரு பெயர், சர்வீஸில் இன்னொரு பெயர், ஸ்டோர்ஸில் பெயரே கிடையாது.

இனி அப்படி இல்லை. பீரோ ஒன்று, அதைப் பார்க்கும் சர்வர்கள் நான்கு. கல்யாணச் சமையல் மாதிரிதான்: சரக்கு அறை ஒன்று, அடுப்பு நான்கு. எந்த அடுப்பு காலியாக இருக்கிறதோ அதில் வேலை நடக்கும். ஒன்று அணைந்தால் மற்றவை ஏற்றுக்கொள்ளும், பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. நாலு துறையும் தீபாவளிக்குள் இதற்குள் வந்துவிட வேண்டும் என்பது எம்.டி. குமரவேலின் உத்தரவு. வந்தால் என் வேலை நிரந்தரம். வராவிட்டால் பெரம்பூருக்கு ரயில்.

சென்னையிலிருந்து என் மனைவி வனஜா போன் செய்தாள். புது இடத்திலாவது நிம்மதியாக இருங்கள் என்றாள். நான் எப்போதும் நிம்மதியாகத்தான் இருக்கிறேன். சென்னையை விட்டு வந்ததற்கு ஒரே காரணம், அந்த வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

சர்வீஸ் துறைக்குப் போனேன். தலைவி தெய்வானை. ஐம்பது வயது, கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே தேடுகிறவர். விவசாயிகளிடமிருந்து பம்பு ரிப்பேர் என்று வரும் போன்களெல்லாம் இந்த அறைக்குத்தான். மேசையின் மூலையில் அவர்களுடைய பழைய கம்ப்யூட்டர், துண்டு போட்டு மூடி, பக்கத்தில் ஒரு மேசை விசிறியோடு.

"உங்க டேட்டாவைப் பீரோவுக்கு மாத்திடலாம் மேடம். ஒரே நாள் வேலை" என்றேன்.

"ஏனுங் சார், இங்கயே நல்லாத்தானுங்க இருக்குது."

"இது பழசு. ஒரு நாள் நின்னுடும்."

"நானும் பழசுதானுங்க. நின்னுட்டா இருக்கேன்?"

பொதுவில் வைப்பதால் வரும் பத்து நன்மைகளைப் படம் போட்டு விளக்கினேன். படத்தை அக்கறையாகப் பார்த்தார். கடைசியில், "இதுல குறிப்பு எங்கீங்க?" என்றார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவர்கள் டேட்டாபேஸில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். புது அமைப்பில் அந்தக் கட்டத்தை நான் சேர்க்கவில்லை. மற்ற மூன்று துறைக்கும் அது உபயோகமில்லை என்றேன்.

"அப்ப மூணு துறையும் போகட்டுமுங்க" என்று போனை எடுத்துக்கொண்டார்.

செப்டம்பர் 13, வெள்ளி

மெஸ்ஸில் மறுபடியும் கொள்ளு ரசம். சர்வீஸ் பற்றி நினைக்கவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

குறிப்புக் கட்டம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணக்கிட, தெய்வானையிடம் அனுமதி வாங்கி அவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். பத்து நிமிட வேலை. காலை பத்தரைக்கு உட்கார்ந்து மதியம் மூன்றுக்கு எழுந்தேன்.

சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன், தொழில்நுட்பக் காரணத்துக்காக:

"கிணறு வீட்டுக்குப் பின்னால். முன்வாசல் வழியாகப் போனால் நாய்."

"பெரியவர் எடுத்தால் அரை மணி நேரம். மருமகள் எடுத்தால் இரண்டு நிமிடம். பதினோரு மணிக்குக் கூப்பிட்டால் மருமகள்."

"பம்பில் கோளாறு இருக்காது. ஃபியூஸ் போட மறந்திருப்பார். போய்ப் போட்டுவிட்டு வரவும். சிரிக்கக் கூடாது."

"அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லை. கிணறு ஒன்று. இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்."

சராசரியாக ஒரு குறிப்பு நூற்றெண்பது எழுத்து. பெரிய இடமில்லை. புது அமைப்பில் கட்டம் சேர்த்துவிட்டேன், எழுத்துக்கு வரம்பு இல்லாமல். தெய்வானையிடம் போய்ச் சொன்னேன். மகிழ்ந்துபோய் உடனே சம்மதிப்பார் என்று நினைத்தேன். "டீ சாப்புடுங்க சார்" என்றார், அவ்வளவுதான்.

செப்டம்பர் 25, புதன்

விற்பனை, உற்பத்தி, ஸ்டோர்ஸ் மூன்றும் பீரோவுக்குள் வந்தாயிற்று. ஒரு வரிகூடக் குறையவில்லை. நானே மூன்று தடவை எண்ணினேன். எண்ணும்போது உள்ளங்கை ஈரமாகிறது. ஏ.சி. சரியில்லை போலிருக்கிறது.

ஒரே ஒரு தொந்தரவு. காலையில் சர்வர் அறைக்குப் போனால் நான்கு சர்வர்களிலும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. மேலிருந்து கீழாக: விற்பனை, உற்பத்தி, ஸ்டோர்ஸ், சர்வீஸ். விற்பனைத் தலைவர் ரங்கராஜின் வேலை. எந்த சர்வரும் எந்தத் துறைக்கும் சொந்தமில்லை, நான்கும் எல்லாருடைய வேலையையும் செய்யும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"புரியுதுங்க சார். ஆனா மேல இருக்கறது எங்குளுதுதானுங்களே?"

அக்டோபர் 1, செவ்வாய்

வெற்றி, அரைகுறை வெற்றி. தெய்வானை ஒரு சோதனைக்கு ஒத்துக்கொண்டார். கோவை மாவட்டத்து வாடிக்கையாளர்களை மட்டும் பீரோவில் நகல் எடுத்து வைப்பது. போன் எடுக்கும் ரெஜினா அதைப் பார்த்துப் பதில் சொல்லுவாள். அசல் துண்டுக்கடியிலேயே இருக்கும்.

"அசலை எப்போ தருவீங்க மேடம்?"

"ஒன்னு கேக்கோணும், அதுக்கு நீங்க பதில் சொன்னதுக்கப்புறம் தர்றேனுங்க."

"கேளுங்க."

"இன்னும் கேக்கற நேரம் வரலைங்க."

தீபாவளிக்கு முப்பது நாள் இருக்கிறது. இந்த அம்மாள் பஞ்சாங்கம் பார்க்கிறார்.

அக்டோபர் 4, வெள்ளி

ஒரு சர்வரை வேண்டுமென்றே அணைத்துவிட்டு மற்றவை ஏற்றுக்கொள்கின்றனவா என்று பார்க்கும் சோதனை பாக்கி. இதைச் செய்யாமல் எம்.டி.யிடம் முடிந்தது என்று சொல்ல முடியாது. ரங்கராஜ்: "எங்குளுதை வேண்டாமுங்க, ஸ்டோர்ஸ்தை அணைங்க." ஸ்டோர்ஸ்: "எங்குளுது ஏனுங்க? உற்பத்திது சும்மாதானுங்க இருக்குது." உற்பத்தி: "ஆயுத பூஜை முடியட்டுமுங்க." ஒரு பொத்தானை அமுக்க மூன்று துறைகளின் கையெழுத்து வேண்டியிருக்கிறது.

வனஜா போனில் கேட்டாள்: "அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?" என்ன சொல்ல இருக்கிறது, யாரிடம் சொல்ல இருக்கிறது என்று நான் கேட்டேன். "சரி, சாப்பிட்டீங்களா?" என்றாள்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு, சர்வர்களைத் துடைத்துப் பொட்டு வைக்க சாவி வேண்டும் என்று ரங்கராஜ் வந்தார். ஈரத்துணி கூடாது, சந்தனம் கெட்டியாக இருக்க வேண்டும், காற்றுத் துளையில் படக் கூடாது என்று மூன்று நிபந்தனையோடு கொடுத்தேன். வேறு நிபந்தனை எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

பதினொன்றரைக்கு ரெஜினா ஒரு பெரிய தாம்பாளத்தோடு வந்தாள். "ஆயுதம் வெய்யுங்க சார்." லேத்துக்காரர் உளி வைத்திருந்தார், மெக்கானிக்குகள் ஸ்பேனர், வாட்ச்மேன் டார்ச். நான் லேப்டாப்பையும் ஆபீஸ் போனையும் வைத்தேன். இரண்டுக்கும் பொட்டு வைத்துச் சரஸ்வதி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் அடுக்கினார்கள். பன்னிரண்டுக்குப் பூஜை. பூசணிக்காய், பொரி, சுண்டல். எம்.டி. எல்லாருக்கும் தன் கையால் கொடுத்தார். நன்றாகவே இருந்தது. இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டேன்.

ஒன்றரைக்கு ஆயுதம் திரும்பக் கிடைத்தது. போனில் குங்குமத்துக்கடியில் இருபத்தேழு எச்சரிக்கைச் செய்திகள். முதல் செய்தி பத்து இருபத்தைந்துக்கு: ஒன்றாம் சர்வர் நின்றுவிட்டது. பத்து நாற்பதுக்கு இரண்டாவது. பதினொன்று ஐந்துக்கு மூன்றாவது. அந்த நேரம் முழுக்க நான் தோரணம் கட்ட ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு போன் சரஸ்வதியிடம் இருந்தது.

ஓடினேன். சர்வர் அறையில் மேலே மூன்றும் இருட்டு. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம், ஒரு சாமந்தி. ஒவ்வொரு துறையும் தன் பெயர்ச்சீட்டைப் பார்த்துத் தன் சர்வரை அணைத்து ஓய்வு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. ஆயுத பூஜையன்று இயந்திரம் ஓடக் கூடாது, இதில் தப்பென்ன என்று பின்னால் வந்த ரங்கராஜ் கேட்டார். 'சர்வீஸ்' சீட்டு ஒட்டிய நான்காவது மட்டும் மின்விசிறி அலற ஓடிக்கொண்டிருந்தது. கருப்பு பீரோவும் ஓடிக்கொண்டிருந்தது.

"பீரோவை ஏன் அணைக்கலை?" என்று கேட்டேன். அதுவும் நின்றிருந்தால் எல்லாத் துறையும் நின்றிருக்கும்.

"அது பொதுவானதுங்களே சார். யாரு அணைக்கறதுன்னு தெரியலை. உட்டுட்டோமுங்க."

சர்வீஸ் அறைக்குப் போனேன். ரெஜினா போனில் இருந்தாள். கிணற்றுப் பம்புக்கு ஆயுத பூஜை கிடையாது என்பதால் அங்கே மட்டும் விடுமுறை இல்லை, அதனால் தெய்வானை தன் சர்வரைத் தொடவில்லை. கோவை மாவட்டத்திலிருந்து காலையிலிருந்து முப்பத்தொரு அழைப்பு. எல்லாம் பீரோவிலிருந்துதான் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

"ஏதாவது தொந்தரவு இருந்துச்சாம்மா?"

"பத்தரைக்கு ஒருக்கா கண்ணை மூடித் தொறக்கற நேரம் நின்னுச்சு சார். நெட்டுன்னு நெனச்சேன்."

நான்கு அடுப்பில் மூன்றை அணைத்துவிட்டார்கள், பந்தி நடந்துகொண்டே இருக்கிறது. நான் ஏழு நாளாகக் கெஞ்சிய சோதனையை மூன்று துறைகளும் பொட்டு வைத்து இலவசமாகச் செய்து கொடுத்திருக்கின்றன. எம்.டி. கை குலுக்கினார். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

தெய்வானை கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார்.

"ஜெயிச்சவரு மூஞ்சி இப்பிடி இருக்காதுங்களே சார்."

"சுண்டல் ஒத்துக்கலை மேடம்."

"நான் கேக்கோணும்னு சொன்னது இதானுங்க. இதுக்கு முன்னால எங்கியாச்சும் தொலைச்சிருக்கீங்களா?"

சுண்டல்தான் காரணம் என்று மறுபடியும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த போனை எடுத்தார்.

அக்டோபர் 12, சனி

மூன்று சர்வரையும் ஏற்றினேன். சாமந்தியை எடுக்கவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

தெய்வானையிடம் அசல் கேட்டேன். "பதில் வரலைங்களே" என்றார். தீபாவளிக்குப் பதினேழு நாள்.

சென்னை வெயிலால்தான் வந்தேன் என்று அவரிடமும் சொல்லியிருந்தேன். நாற்பத்து நான்கு வருஷம் ஒத்துக்கொண்ட வெயில் திடீரென்று ஏன் ஒத்துக்கொள்ளாமல் போயிற்று என்று இன்று கேட்டார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் இப்படிக் கேட்கக் கூடாது.

வனஜாவிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தாள். பிறகு, "அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க. ரெண்டு வருஷமா நீங்க தூக்கத்துல எண்ணிக்கிட்டே இருக்கீங்க" என்றாள். எனக்குத் தெரியாது.

அக்டோபர் 16, புதன்

சொல்லிவிட்டேன்.

நாலு மணி டீ. ரெஜினா மெக்கானிக்குகளுக்கு வடை வாங்கப் போயிருந்தாள். தெய்வானை துண்டை உதறிக் கம்ப்யூட்டர் மேல் மறுபடி போர்த்திக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்தே சொன்னேன்.

சென்னையில் ஒரு கூரியர் கம்பெனியில் பதினொரு வருஷம் இருந்தேன். ஒரு நாள் அவசரத்தில் பழைய நகலை ஓடிக்கொண்டிருந்த தரவின் மேலேயே ஏற்றிவிட்டேன். மூன்று நாள் பதிவுகள் போயின. எண்ணிப் பார்த்தபோது குறைந்தது. எனக்கு அப்போதே தெரியும். ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்சல் எங்கே என்று ஜனங்கள் கேட்டு வர ஆரம்பித்தபோது, வட்டு கெட்டுவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். நம்பினார்கள். வட்டை மாற்றினார்கள். நான் வேலையை விட்டபோது சால்வை போட்டுக் கடிகாரம் கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்தை ஒரு நாளும் கட்டவில்லை. இதுதான் வெயில்.

சொல்லி முடித்துவிட்டு நிமிர்ந்தால் தெய்வானைக்குச் சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

"மூணு நாளுக்குத்தானுங்களா இத்தனை வேர்வை? நான் ஒரு வருசத்தையே தொலைச்சவளுங்க."

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் இங்கே போன் எடுக்கும் பெண். சித்திரை மாதம். மேசை விசிறியைச் செருக இடமில்லாமல் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் ஒயரைப் பிடுங்கியிருக்கிறார். வட்டு போயிற்று. வேறு நகல் கிடையாது. ஒரு வருஷத்து வாடிக்கையாளர் முழுக்கப் போயிற்று.

"என்ன சொன்னீங்க?"

"எலி கடிச்சுப்போட்டுதுன்னு சொன்னேனுங்க. பெரியவரு, அதான் இப்ப இருக்கற எம்.டி.யோட அப்பா, நம்பிட்டாரு. அந்த எலிக்கு வருசா வருசம் புதுப் பொறி வாங்கி வெக்கறாங்க. இன்னிக்கு வரைக்கும் ஒன்னும் மாட்டலை."

அதன்பிறகு எட்டு மாதம் வீடு வீடாகப் போன் போட்டு விவரத்தைத் திரும்பச் சேர்த்தாராம். பம்பு எண்ணைக் கேட்டால் ஜனங்கள் நாயைப் பற்றி, மருமகளைப் பற்றி, தம்பியைப் பற்றியெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். குற்ற உணர்ச்சியில் ஒன்றையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறார். குறிப்புக் கட்டம் அப்படிப் பிறந்தது.

"தொலைக்கறது எல்லாருக்கும் வருமுங்க. குறைஞ்சா நீங்க வந்து சொல்லுவீங்களான்னுதான் பாத்துட்டிருந்தேன். சொல்ல மாட்டீங்கன்னு தோணுச்சு. இப்பத் தெரியலைங்க."

பாஸ்வேர்டைச் சொன்னார்: எலி2011. இங்கே எழுதக் கூடாதுதான். மாற்றிவிடப் போகிறேன் என்பதால் எழுதுகிறேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் போன் குறைவு. தெய்வானை எலுமிச்சை சாதத்தோடு வந்து என் பின்னாலேயே உட்கார்ந்துகொண்டார். பதினொன்றே முக்காலுக்கு எல்லாம் பீரோவில். இரண்டு இரண்டு வட்டுகளில் நகலாக எழுதி முடித்து விளக்குகள் பச்சையாயின.

எண்ணினேன். பழையது: 38,614. புதியது: 38,613.

மறுபடி எண்ணினேன். 38,613.

அந்த நேரம் பார்த்து எம்.டி. போன். தெய்வானையும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும் என்ற தைரியத்தில்.

"ஆச்சுங்களா சார்? திங்கக்கிழமை உங்க பர்மனென்ட் லெட்டருக்குச் சொல்லிறலாமுங்களா?"

ஆச்சு என்று சொல்ல ஒரு விநாடி போதும். வாய் அந்த வார்த்தைக்குத் தயாராகக்கூட இருந்தது. முப்பத்தெட்டாயிரத்தில் ஒன்று யார் கண்ணில் படும்? பிறகு சாவகாசமாகத் தேடிக்கொள்ளலாம் என்றும் தோன்றியது. போன தடவையும் இதே மாதிரிதான் தோன்றியது. பின்னால் டிபன் பாக்ஸ் மூடும் சத்தம்கூட இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆகலை சார். ஒண்ணு குறையுது."

"ஒன்னுங்களா? அவ்வளவுல ஒன்னு போனாப் போகுது, உடுங்க சார்."

"யாருன்னு தெரியாம விட முடியாது சார். கண்டுபிடிச்சிட்டு நானே கூப்பிடறேன்."

போனை வைத்த பிறகுதான் மூச்சு விட்டேன். தெய்வானை ஒரு தட்டில் சாதத்தைப் போட்டு என் பக்கம் நகர்த்தினார்.

இரண்டு பட்டியலையும் ஒப்பிட இருபது நிமிடம் ஆயிற்று. விடுபட்டவர்: நாச்சிமுத்து, மூலனூர். பம்பு எண்: காலி. பம்பு எண்ணை வைத்துத்தான் வாடிக்கையாளரை எடுக்க வேண்டும் என்று விதி எழுதியிருந்தேன், நானேதான். பம்பு இல்லாத ஒருவர் பம்பு கம்பெனியின் பட்டியலில் இருப்பார் என்று எவனுக்குத் தோன்றும்?

குறிப்பைப் படித்தேன். "தோட்டம் விற்றுவிட்டார். பம்பும் கிணறோடு போயிற்று. ஆனாலும் கூப்பிடுவார். அந்தப் பக்கம் மழையா என்று கேட்க வேண்டும். சீக்கிரம் வைக்கக் கூடாது."

"பெருங்காயம் தீர்ந்த டப்பா வாசம் மாதிரி இவரு" என்றேன்.

"சிரிக்காதீங்க சார். அந்த ஊர்ல பதினாலு தோட்டத்துல நம்ம பம்பு ஓடுதுங்க. அத்தனையும் இவரு சொல்லி வாங்கினது. ஒருத்தருக்கு ரிப்பேர்ன்னா இவருதான் முதல்ல கூப்பிடறாரு."

அக்டோபர் 22, செவ்வாய்

விதியை மாற்ற நான்கு துறைகளும் ஒத்துக்கொள்ள வேண்டும், பொதுப் பீரோ என்றால் அதுதான் வம்பு. கூட்டத்தில் ரங்கராஜ் எதிர்ப்பு.

"பம்பு இல்லாதவரு எப்பிடிங்க கஸ்டமர் ஆவாரு?"

தெய்வானை மூலனூர்ப் பதினான்கு பேரின் பெயரையும் தாளைப் பார்க்காமல் சொன்னார், வாங்கிய வருஷத்தோடு. ரங்கராஜ் ஒவ்வொன்றாகத் தன் திரையில் தட்டிப் பார்த்தார். எல்லாம் அவருடைய துறை விற்றதுதான். இத்தனை வருஷத்தில் இரண்டு துறையும் ஒரே திரையைப் பார்த்தது இன்றுதான் முதல் தடவை. பன்னிரண்டாவது பெயர் வந்தபோது, "இவரை யாரு அனுப்பினாங்கன்னு நான் அப்பவே யோசிச்சேனுங்க" என்றார்.

விதியை மாற்றினேன். நாச்சிமுத்து உள்ளே வந்தார். 38,614. எம்.டி.யை நானே கூப்பிட்டேன்.

அக்டோபர் 28, திங்கள்

வேலை நிரந்தரமாயிற்று. கடிதத்தை எம்.டி. கையிலேயே கொடுத்தார். அன்றைக்கு நீங்கள் ஆச்சு என்று சொல்லியிருந்தால் எனக்கு எதுவும் தெரிந்திருக்காது, அதை யோசித்துப் பார்த்தேன் என்றார். நானும் யோசித்தேன் என்று சொல்லவில்லை.

வனஜாவுக்கு விஷயம் சொன்னேன். ஜனவரியில் இங்கே பள்ளிக்கூட வேலைக்கு விண்ணப்பிக்கிறாளாம். மெஸ் ரசத்துக்கு அந்திமக் காலம் நெருங்கிவிட்டது. கூரியர் கம்பெனியின் பழைய மேனேஜருக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று வரி வந்திருக்கிறது. வட்டு நன்றாகத்தான் இருந்தது என்பது மூன்றாவது வரி.

அக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. மதியம் ரயில். கிளம்புவதற்கு முன் வழக்கப்படி எண்ணினேன். பீரோவுக்குள் போனபோது 38,614. அதற்குப் பிறகு விற்பனைத் துறை சேர்த்த புது வாடிக்கையாளர் பதினேழு. கூட்டினால் 38,631 வர வேண்டும்.

38,632 வந்தது.

குறைவது எனக்குப் பழக்கம். கூடுவது பழக்கமில்லை. ரயிலுக்கு ஒன்றே கால் மணி நேரம் இருந்தது. வேர்த்தது, ஏ.சி. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாகச் சேர்த்த பதிவுகளைத் தேதி வாரியாகப் போட்டுப் பார்த்தேன். பதினேழுக்கும் மேலே ஒன்று தனியாக நின்றது. சர்வீஸ் துறையிலிருந்து, இன்று காலை ஒன்பது பத்துக்குச் சேர்த்திருக்கிறார்கள்.

பெயர்: எத்திராஜ். ஊர்: பெரம்பூர், இப்போது பீளமேடு. பம்பு எண்: இல்லை. குறிப்பு: "டீயில் சர்க்கரை ஒன்றரை. எதையும் மூன்று தடவை எண்ணுவார். குறைந்தால் தானே வந்து சொல்வார்."

இது முறையில்லாத பதிவு, நிர்வாகி என்ற முறையில் நான் அழித்திருக்க வேண்டும். நான்கு சர்வரிலும், நான்கு துறைத் திரையிலும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ரங்கராஜ் ஏற்கெனவே படித்துவிட்டார், காலையில் வாசலில் என்னைப் பார்த்து "ஒன்னரைங்களா?" என்று கேட்டது இதைத்தான்.

இரண்டாவது தடவை எண்ணினேன். மூன்றாவது தடவை எண்ணவில்லை. பதிவேட்டில் 38,632, சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலுக்குக் கிளம்பினேன்.